இறங்கும்போது பார்க்க வேண்டும் காரின் அழகை

போன ஞாயிற்றுக்கிழமை கொட்டகலையில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து பந்தி ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் ஏழெட்டுப் பேர் மண்டபத்துக்கு வெளியே கார்களைச் சுற்றி நின்றோம். என்னுடைய பழைய டொயோட்டா கொரோலா 121, பக்கத்தில் மச்சானுடைய ஒரு லீட்டர் டர்போ ஹொண்டா சிவிக், அதற்கும் பக்கத்தில் சித்தப்பா மகன் தம்பி கொழும்பிலிருந்து கொண்டு வந்த புத்தம் புது பிவைடி சீல், மின்சாரக் கார். அரை மணித்தியாலத்தில் பேச்சு சூடாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து, "தம்பிமாரே, சோறு ஆறுது, வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அன்றைக்குச் சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பொடியன்கள் கார் பற்றி இப்படிக் கொதிப்பதில் எனக்குச் சந்தோஷம். 2020 மார்ச்சில் மூடிய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. ஐந்து வருடம் பழைய கார்களையே விற்று, வாங்கி, கழுவி, பெயின்ட் அடித்துக்கொண்டு இருந்தோம். அந்த இடைவெளியில் உலகம் நமக்காகக் காத்திருக்கவில்லை. நம் ஆட்கள் உயிராக நினைத்த பிரீமியோவையும் அலியனையும் டொயோட்டா 2021இல் நிறுத்தியேவிட்டது. கதவு திறந்தபோது வெளியே நின்றவை வேறு மாதிரி செடான்கள். பொனட் தாழ்ந்து, கூரை பின்னால் வழிந்து, பின்விளக்கு ஒரே கோடாக ஓடுகிற கார்கள். பார்த்தவுடன் வாய் பிளக்கத்தான் செய்யும். எனக்கும் பிளந்தது.

சரி, சண்டைக்கு வருகிறேன். நின்ற இடத்திலிருந்து மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகம் பிடிக்கிற நேரத்தை வைத்துத் தம்பி சொன்னது இதுதான்: "அண்ணே, சீரோ டு ஹண்ட்ரட் 3.8 செக்கன். ஐந்நூற்று முப்பது குதிரைவலு. உங்க 121 எல்லாம் இனி கண்காட்சியிலதான் வைக்கணும்." மச்சான் விடவில்லை. சிவிக்கின் 129 குதிரைவலுவுக்கும் அந்தச் சரிந்த கூரைக்கும் ஈடு கிடையாது என்று நின்றான். ஒரு லீட்டர் இன்ஜினை இத்தனை பேர் வாங்கியதற்குக் காரணம் நமக்கெல்லாம் தெரியும், சிசி கணக்கில், அதாவது இன்ஜின் கொள்ளளவை வைத்துப் போடுகிற வரி. ஆனால் அந்த மூன்று சிலிண்டர் குட்டி இன்ஜின் இந்த மலையில் எப்படி இழுக்கிறது என்பதை ஓட்டிப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

அதற்கும் காரணம் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் காற்றை உறிஞ்சித்தான் வேலை செய்கிறது, காற்று குறைந்தால் சக்தியும் குறையும். புதிதில் 109 குதிரைவலு என்று சொன்ன என் 121, மேலே ஏறி வரும்போது தொண்ணூறுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். டர்போ மெல்லிய காற்றையும் அமுக்கி உள்ளே அனுப்பிவிடும். மின்சார மோட்டாருக்கு எரிக்கக் காற்றே தேவையில்லை, அதனால் கொள்ளுப்பிட்டியில் உள்ள அதே பலம் கந்தப்பளையிலும் இருக்கும். ஆக, ஏறுவதில் தம்பியும் மச்சானும் சொல்வது சரிதான். அதில் எனக்கு வாதமே இல்லை.

என் வாதம் இறங்குவதைப் பற்றியது.

சின்ன வயசில் ஏப்ரல் சீசனுக்கு மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி பார்க்க அப்பா கூட்டிக்கொண்டு போவார். லான்சர் எவோலூஷன்கள் வளைவில் வால் ஆட்டிக்கொண்டு ஏறும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அங்கே ஏறுகிற காருக்கு மட்டும்தான் கடிகாரம் பிடிப்பார்கள். அப்பா திரும்பி வரும்போது ஒவ்வொரு தடவையும் ஒன்றையே சொல்வார்: "ஏறுறது இன்ஜின் வேலைடா. இறங்குறதுதான் டிரைவர் வேலை." அவர் இருபத்திரண்டு வருடம் ஒரு தோட்டத்துத் துரைக்கு டிரைவராக இருந்தவர். பெஜோ 504 ஓட்டியவர். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்பதுதான் எனக்கு அவர் சொல்லித் தந்த முதல் பாடம். ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் அதற்கப்புறம்.

ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். நுவரெலியாவிலிருந்து லபுக்கலை, இறம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்கினால் உயரம் ஏறக்குறைய 1400 மீற்றர் குறைகிறது. நாலு பேரோடு 1300 கிலோ கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவிடுகிற சக்தி, மின்சார பில்லில் வருகிற யூனிட்டில் சொன்னால் ஐந்து யூனிட்டுக்குக் கிட்ட. காற்றும் டயரும் கொஞ்சம் தின்னும். மிச்சத்தை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டுமே? தாழ்ந்த கியரில் இன்ஜின் பிடித்து வாங்கிக்கொள்ளாவிட்டால் பிரேக் டிஸ்க்கும் பேடும்தான் வாங்க வேண்டும். அது முழுக்கச் சூடாகத்தான் மாறும்.

போன வருடம் இறம்பொடைக்கு மேலே ஒரு வளைவில் ஒரு செடான் ஒதுங்கி நின்றது. முன் இரண்டு சில்லிலிருந்தும் புகை. கருகிய வாடை, நாசியைப் பிடித்துக்கொண்டு போகாமல் நிற்கிற வாடை. இருபத்தைந்து வயசு இருக்கும், ஓட்டி வந்த பிள்ளை தண்ணீர் போத்தலைத் திறந்துகொண்டு குனிந்திருந்தான். நான் சத்தம் போட்டு நிறுத்தினேன். கொதிக்கிற டிஸ்க்கில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது வளைந்துவிடும், வெடிக்கவும் செய்யும். பின் சீட்டில் அவனுடைய அம்மா ஒரு கையால் கதவுப் பிடியையும் மறுகையால் பேரக்குழந்தையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கார் நின்று எவ்வளவோ நேரம் ஆகியும் அந்தப் பிடி தளரவில்லை. "தம்பி, எந்தக் கியர்ல வந்தீங்க?" என்று கேட்டேன். டி என்றான். உள்ளே எட்டிப் பார்த்தேன். கியர் லீவரில் சாதாரண ஓட்டத்துக்கான டி எழுத்துக்குக் கீழே எஸ் ஒன்று, இறக்கத்தில் இன்ஜினே வேகத்தைப் பிடிக்கிற பி ஒன்று. அது எதற்கு என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. ரீகண்டிஷன் கார், உள்ளே இருக்கிற புத்தகம் முழுக்க ஜப்பான் எழுத்து. விற்றவர் ஸ்கிரீனில் பாட்டு போடக் காட்டிக் கொடுத்திருக்கிறார், இதைக் காட்டவில்லை. முக்கால் மணித்தியாலம் ஆற விட்டு, பி போட்டு எனக்குப் பின்னாலேயே வரச் சொன்னேன். கம்பளை வரைக்கும் கண்ணாடியில் அவனைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பஸ்ஸும் வேனும் ஆட்டோவும் மோதி ஏழு பேர் போனார்கள். அந்த இறக்கத்தை நம் எல்லாருக்கும் தெரியும். அந்த வீதியில் ஓடுகிற நாம் கார் பற்றிப் பேசும்போது பிக்கப்பை மட்டும் பேசுவதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால்தான் அன்றைக்குக் கொஞ்சம் குரல் உயர்ந்துவிட்டது. தம்பி, மன்னித்துக்கொள்.

இனி நான் சொல்வது தம்பிக்கே ஆச்சரியமாக இருக்கலாம். அவனுடைய கார் இந்த மலைக்கு நல்ல கார்தான். ஆனால் அவன் சொல்கிற 3.8 செக்கனால் அல்ல. சட்டப்படி அதிவேக நெடுஞ்சாலைக்கு வெளியே காருக்கு மணிக்கு எழுபது கிலோமீற்றர்தான், இறம்பொடை வளைவில் முப்பதே அதிகம். அந்தச் செக்கனை எங்கே கொண்டு போய்ச் செலவு செய்வது? அந்தக் காரின் உண்மையான பெருமை, இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வேகத்தைப் பிடித்து, அந்தச் சக்தியைத் திரும்ப பேட்டரிக்குள் போடுவது. மற்றவன் பிரேக்கில் எரிக்கிற சக்தியை அவன் சேமிக்கிறான். பேட்டரி 82.5 யூனிட், கம்பளை வரை இறங்கினாலும் பத்து யூனிட்டுக்குள்தான் வரும், இடம் தாராளம்.

ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும். நுவரெலியாவில் ராத்தங்கி, நூறு வீதம் சார்ஜ் போட்டுக்கொண்டு காலையில் இறங்காதீர்கள். நிரம்பிய குடத்தில் தண்ணீர் ஊற்ற முடியாது. பேட்டரி நிரம்பியிருந்தால் அந்த மோட்டார் பிரேக் பலமாகப் பிடிக்காது. எண்பதோடு கழற்றிவிட்டு இறங்குங்கள். பெட்ரோல் இன்ஜினும் பேட்டரியும் சேர்ந்த ஹைபிரிட்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். அக்ஸியோ ஹைபிரிட் பேட்டரி ஒரு யூனிட் கூடக் கொள்ளாது. பாதி மலையிலேயே நிரம்பிவிடும், அப்புறம் இன்ஜின் திடீரென்று கத்தத் தொடங்கும். நிறையப் பேர் பயந்து கராஜுக்குப் போகிறார்கள். பயப்பட வேண்டாம், கார் இன்ஜினைச் சுற்றிவிட்டு உங்களைக் காப்பாற்றுகிறது.

இனி அழகு. எனக்கும் செடான் என்றால் உயிர். மூன்று பெட்டி சேர்ந்த அந்த உருவம், முன்னால் இன்ஜின், நடுவில் மனிதர், பின்னால் டிக்கி. எங்கள் பெற்றோர் லயத்து வாசலில் நின்று பார்த்த கார் அதுதான், துரையுடைய கார். இன்றைக்கு அதே தோட்டத்துப் பிள்ளைகள் ஆசிரியராக, தாதியாக, வங்கியில் வேலையாக, லீசிங் கட்டி ஒரு செடானை வாசலில் நிறுத்துகிறார்கள் என்றால் அதன் அழகை யாரும் அளவுகோல் வைத்து அளக்கத் தேவையில்லை. அதைக் கல்யாணத்துக்குப் பூ வைத்து ஜோடித்துப் பார்க்கிறபோது எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஆனால் இப்போது வருகிற உருவங்களில் எனக்கு ஒரு குறை உண்டு. ஓட்டுகிறவன் கண்ணிலிருந்து கார் மறைந்துகொண்டே போகிறது. என் 121இல் உட்கார்ந்தால் பொனட்டின் ஓரம் தெரியும். வளைவில் லங்காம, அதாவது அரச பஸ் வந்தால், இடது பக்கக் கானுக்கும் டயருக்கும் எத்தனை விரல் என்று உடம்புக்கே தெரியும். தம்பியின் காரில் உட்கார்ந்து பார்த்தேன். பொனட் சரிந்து போய்விட்டது, முன் கண்ணாடித் தூண் தடித்துவிட்டது. வலது கைப்பக்கக் கொண்டை ஊசியில் அந்தத் தூணுக்குப் பின்னால் ஒரு ஆட்டோவே மறைந்து நிற்கும். காற்றைக் கிழித்துக்கொண்டு போக அந்தச் சரிவு வேண்டும், கார் உருண்டால் கூரை தாங்க அந்தத் தூண் வேண்டும், இரண்டும் எனக்குப் புரிகிறது. ஆனால் தலவாக்கலை வளைவுகளில் எனக்கு முதலில் வேண்டியது பார்வை.

அகலமும் அப்படித்தான். பிரீமியோ 1695 மில்லிமீற்றர். ஜப்பானில் 1.7 மீற்றரைத் தாண்டினால் வேறு பதிவு வகுப்பு என்பதால் அதற்குள் அடக்கி வரைந்த கார். சீல் 1875. பதினெட்டு சென்டிமீற்றர் வித்தியாசம், ஒரு சாண் அளவு. ஹைவேயில் அது ஒன்றுமில்லை. கொழுந்து லொறி எதிரே வருகிற தோட்டத்து வீதியில் அந்த ஒரு சாணுக்காகத்தான் யாராவது ஒருவர் பின்னால் எடுக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் மூடுபனி. பின்னேரம் மூன்று மணிக்கு நானுஓயாவில் பனி இறங்கினால் கண்ணாடிக்கு உள்பக்கம் ஒரு நிமிடத்தில் ஆவி படியும். என் காரில் ஒரு திருகு உண்டு. கண்ணை வீதியிலிருந்து எடுக்காமல் கை தானாகப் போய்த் திருப்பும். புதுக் கார்கள் பலவற்றில் ஏசி முழுக்க ஸ்கிரீனுக்குள் போய்விட்டது. தொட்டு, பக்கம் திறந்து, படம் தேடி, அதைத் தொட வேண்டும். குளிரில் விறைத்த விரலோடு, ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மண்மேடு. அந்த உள் அலங்காரத்தை வரைந்தவர்கள் ஒரு தடவை எங்கள் வீதியில் பனிக்குள் ஓட்டியிருந்தால் அந்தத் திருகை எடுத்திருக்க மாட்டார்கள்.

பின் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அழகாக வழிகிற கூரை, பட்டுச் சேலை கட்டி, கொண்டையில் பூ வைத்த அம்மாவின் தலையில் வந்து இடிக்கிறது. அன்றைக்குக் கல்யாணத்தில் சித்தியே என் காரில்தான் ஏறினார்.

திங்கட்கிழமை தம்பி நுவரெலியா வந்துவிட்டுக் கம்பளைப் பக்கமாகக் கொழும்புக்கு இறங்கினான். புசல்லாவையிலிருந்து போன். "அண்ணே, பிரேக்ல காலே வைக்கல. மேல கிளம்பும்போது இருந்ததைவிட இப்ப சார்ஜ் கூட." குரலில் அவ்வளவு சந்தோஷம். சீரோ டு ஹண்ட்ரட் பற்றிப் பேசும்போது கூட அவன் குரலில் அப்படி ஒன்றை நான் கேட்கவில்லை.

ஏப்ரல் சீசனுக்கு மேலே வருகிறவர்கள் சொல்லுங்கள். லபுக்கலையில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, சாவியை மாற்றிக்கொண்டு இறம்பொடை வரைக்கும் இறங்குவோம். மச்சான் சிவிக்கைக் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டான். பிரீமியோ, கிரேஸ், பழைய சன்னி, எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். 121 என் கணக்கு.