காதல் கவிதையில் பேசுவது யார்?

கொழும்பில் கவிதை வாசிப்பு எங்கே நடந்தாலும் போய் உட்காருகிறவள் நான். இப்போது எழுதுகிற பிள்ளைகளிடம் துணிச்சல் இருக்கிறது. ஆனால் அவர்களுடைய குட்டிக் காதல் கவிதைகளில் பேசுவது யார் என்றுதான் எனக்குப் பிடிபடுவதில்லை. வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ்ஸுக்கு நிற்கிற பெண்ணுக்கு எழுதினாலும் ‘தேவதை’, ‘விழிகள்’, ‘நிலவு’. அந்தப் பெண்ணும் அதில் இல்லை, எழுதிய பெடியனும் இல்லை.

நாலைந்து வரிதான் எழுதப் போகிறோம் என்றால், யார் யாரிடம் சொல்கிறார் என்பதை முதலில் முடிவு செய்துவிட வேண்டும்.

குறுந்தொகை 25ஆம் பாட்டை எடுங்கள். கபிலர் பாடியது, 5 அடி. ‘யாரும் இல்லைத் தானே கள்வன்’ என்று தொடங்குகிறது. அவன் என்னோடு கூடிய அன்று வேறு யாருமே இல்லை, அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. இதை அவள் அவனிடம் சொல்லவில்லை, தோழியிடம் சொல்கிறாள். அதனால்தான் ‘கள்வன்’ என்று வாய்விட்டுச் சொல்ல முடிகிறது. அவன் முகத்துக்கு நேரே ‘நீ பொய் சொன்னால்’ என்று மாற்றிப் பாருங்கள். கெஞ்சலாகிவிடும், இல்லையென்றால் மிரட்டலாகிவிடும். அவளுடைய தனிமைப் பயம் காணாமல் போய்விடும்.

அப்புறம் அங்கே இருந்ததாக அவள் சொல்லும் அந்தக் குருகு, கொக்கு போன்ற நீர்ப்பறவை. அதன் கால் தினைத்தாள் போலச் சிறுத்துப் பசந்திருந்ததாம். அங்கே நின்றவளுக்கல்லவா அது தெரியும்? வெட்கத்தில் தலை குனிந்திருந்தாளோ என்றுகூட எனக்குத் தோன்றும். குருகோ ஓடும் நீரில் ஆரல் மீன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறது. இருந்த ஒரே சாட்சியும் இவர்கள் பக்கம் திரும்பவில்லை. கண்ணீர், வலி, ஏக்கம் என்று ஒரு சொல்கூடப் பாட்டில் கிடையாது.

வீட்டில் ‘வடிவு’ என்று சொல்லும் பிள்ளை கவிதையில் ஏன் ‘எழில்’ என்று எழுத வேண்டும்? ‘ஏன் என்னோட கதைக்கிறாய் இல்லை’ என்று மெசேஜ் அனுப்பிவிட்டு, கவிதையில் ‘ஏன் மௌனிக்கிறாய்’ என்று எழுதினால் அந்தக் கோபம் எங்கே போனது?

இப்படி நம் பேச்சுச் சொல்லில் எழுதினால் தமிழ்நாட்டில் விளங்காது என்று ஒரு தம்பி சொன்னார். உ.வே.சா. 1937இல் உரையோடு பதிப்பித்த குறுந்தொகையை நாமும் உரை பார்த்துத்தான் வாசிக்கிறோம். விளங்காது என்று பயந்து கபிலர் ஆரலை விட்டுவிட்டு வெறும் ‘மீன்’ என்று போடவில்லை. ‘வடிவு’ விளங்குவதற்கு உரைகூடத் தேவையில்லை, தம்பி. தைரியமாக எழுதுங்கள்.