கூட ஆள் இல்லேன்னா பெரியாஸ்பத்திரியில வைத்தியம் கிடையாதா?

"பேஷண்ட் கூட யாரு? அட்டெண்டர் யாரும்மா?" பதினோரு நாள் இந்தக் குரலுக்கு எழுந்து ஓடி ஓடி, வீட்டுக்கு வந்தப்புறமும் தூக்கத்துல எழுந்து உட்கார்றேன்.

அம்மாவுக்கு 71 வயசு. குளிக்கப் போன இடத்துல வழுக்கி இடுப்பு எலும்பு முறிஞ்சுபோச்சு. சுத்துப்பட்டு ஜனத்துக்கெல்லாம் அதை விட்டா வேற கதியில்லைங்கிற மாதிரியான ஒரு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில சேர்த்தோம். டாக்டர்களைக் குறை சொன்னா என் வாய் அழுகிப்போகும். ராத்திரி ரெண்டு மணிக்கு, முழுநாள் தூங்காத பி.ஜி. (மேற்படிப்பு) படிக்கற ஒரு டாக்டர் பொண்ணு, அம்மா காலை அவ்வளவு பக்குவமா தூக்கிக் கட்டுச்சு. காப்பீட்டு அட்டை இருந்ததால ஆபரேஷனுக்கு ஒரு பைசா ஆகலை. ஆனா டாக்டர் சீட்டுல எழுதினது நடக்கணும்னா அதைத் தூக்கிக்கிட்டு ஓட ஒரு ஆள் வேணும். அந்த ஆள் ஆஸ்பத்திரியில இல்லை. அது நாமதான்.

மொத நாள் காலையில சிஸ்டர் ரத்தம் எடுத்து மூணு குப்பியை என் உள்ளங்கையில வச்சுட்டுப் போனாங்க. ஊதா மூடி, சிவப்பு மூடி, நீல மூடி. உடம்புச் சூடு கூட ஆறலை. லேப் பழைய கட்டடத்துல கீழ்த்தளம்னாங்க. வழி கேட்டுப் போய், வரிசையில நின்னு நீட்டினா, அங்க இருந்தவர் ஊதா மூடியைச் சாய்ச்சுப் பார்த்துட்டு, "உறைஞ்சுபோச்சு, வேற எடுத்துட்டு வாங்க"ன்னு திருப்பித் தந்துட்டார். அந்தக் குப்பிக்குள்ள ரத்தம் உறையாம இருக்க மருந்து இருக்காம். எடுத்த கையோட எட்டுப் பத்து தடவை மெல்லக் கவிழ்த்துக் கலக்கணுமாம். அறுபது பேர் கிடக்கற வார்டுல ரெண்டே சிஸ்டர், அவங்க எதைன்னு பார்ப்பாங்க? எனக்கு எப்படித் தெரியும்? நரம்பே கிடைக்காத அம்மா கையில மறுபடியும் ஊசி.

அடுத்தது ஃபிட்னெஸ், அதாவது ஆபரேஷனை உடம்பு தாங்குமான்னு பார்க்கறது. மயக்க மருந்து டாக்டர் சரின்னு சொல்லணும்னா எக்கோங்கிற இதய ஸ்கேன், நெஞ்சு எக்ஸ்ரே, சுகர் டாக்டர் கருத்து. ஒவ்வொண்ணும் ஒரு பிளாக். ஸ்ட்ரெச்சர் தள்ள 200 ரூபாய் கேட்டார் ஒருத்தர். கேட்டது தப்பு, அதுல சந்தேகமே இல்லை. ஆனா ஒப்பந்தக் கம்பெனி அவருக்கு மாசம் என்ன தருதுன்னு தெரிஞ்சப்போ என் கோபம் அவர் மேல நிக்கலை. நானும் தங்கச்சியுமே தள்ளினோம். ரெண்டு கட்டடம் சேர்ற இடத்துல இருந்த பள்ளத்துல முன்சக்கரம் மாட்டி வண்டி குலுங்குச்சு. முறிஞ்ச எலும்போட அம்மா போட்ட சத்தம்... அதை என்னால எழுத முடியலை.

இது முடியாத காரியமா? 2008ல மூளைச்சாவு அடைஞ்ச ஹிதேந்திரன்ங்கிற பையனோட இதயத்தை இன்னொரு உயிருக்குப் பொருத்த, சென்னையில போக்குவரத்தையே ஒதுக்கிவிட்டு, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிஷத்துல கொண்டுபோன மாநிலம் இது. 1994ல மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கி, மாவட்டத்துக்கு மாவட்டம் கிடங்கு வச்சு மாத்திரை அனுப்பற மாநிலம். ஒரு வார்டுல இருந்து லேபுக்கு ரத்தக் குப்பியைக் கொண்டுபோக ஷிஃப்டுக்கு ஒரு ஆள் போட முடியாதா? ஸ்ட்ரெச்சர் தள்ளறது ஆஸ்பத்திரி வேலையா, மகள் வேலையா? அதுக்கு ஆளைப் போடுங்க, ஒழுங்கா சம்பளம் கொடுங்க. இதைக் கேட்டா, "இலவசமா பார்க்கறாங்கல்ல, இதுகூடச் செய்யக் கூடாதா"ன்னு சொல்றவங்க இருக்காங்க. செய்யறேன். எனக்குக் கையும் காலும் இருக்கு, அதனால செய்யறேன். இல்லாதவங்க?

எங்களுக்கு அடுத்த பெட்டுல ஒரு பாட்டி. அவங்களுக்கும் இடுப்புதான். ரோட்டுல விழுந்து கிடந்தவங்களை 108 கொண்டுவந்து சேர்த்திருக்கு. அத்தனை கிலோமீட்டர் பத்திரமா வந்தவங்களை எக்கோ ரூமுக்குத் தள்ளிட்டுப் போக யாருமில்லை. வயசானவங்களுக்கு இடுப்பு முறிஞ்சா ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள ஆபரேஷன் பண்ணணும். படுத்தே கிடந்தா படுக்கைப்புண், நிமோனியா, கால்ல ரத்தக்கட்டின்னு ஒவ்வொண்ணா வரும். இதை எனக்குச் சொல்லித் தந்ததே அங்க இருந்த டாக்டர்தான். அவர் தினமும் ரவுண்ட்ஸ்ல பாட்டியோட கேஸ் ஷீட்டைப் பார்த்து, "எக்கோ இன்னும் ஆகலையா?"ன்னு சத்தம் போடுவார். யார்கிட்ட? யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. அவங்க ரத்தக் குப்பியையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ரெண்டு ஸ்ட்ரெச்சரை என்னால தள்ள முடியலை.

அம்மாவுக்கு நாலாம் நாள் ஆபரேஷன் ஆச்சு. பதினோராம் நாள் டிஸ்சார்ஜ். பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பறப்போ வாசல்ல அதே குரல், "எட்டாம் நம்பர் பெட்டு அட்டெண்டர் யாரு?"

பாட்டி படுத்தபடியே கையைத் தூக்கினாங்க. "நான்தான் தாயி."