தோலுக்கடியில் மாத்திரை வைத்தால் குடி நின்றுவிடாது

"வயிற்றுத் தோலுக்கடியில் மாத்திரை வைத்துவிட்டால் ஆயுளுக்கும் குடிக்க முடியாது" என்று மேலே எழுதியிருக்கும் அண்ணனுக்கு: அது தவறு. அந்த மாத்திரையில் இருக்கும் டைசல்பிராம் என்ற மருந்து, மது உடலில் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளைத் தேங்க வைக்கும். முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். ஆனால் புதைத்த மாத்திரையிலிருந்து இரத்தத்தில் கலக்கும் அளவு அதற்குப் போதுவதில்லை. 1991-இல் வெளியான நார்வே ஆய்வில், மருந்து வைத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை வைத்தவர்களுக்கும் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை.

சோமனூரில் தறி ஓட்டும் என் மாமா, அடிவயிற்றுத் தையல் பிரிப்பதற்குள்ளேயே குடித்தார், ஒன்றும் ஆகவில்லை. அத்தை காதுத்தோட்டை அடகு வைத்துக் கட்டிய பணம் அது! பிறகு மருத்துவர் சொன்னபடி, தினமும் காலையில் அத்தையின் கண்ணெதிரே அதே மருந்தை மாத்திரையாக விழுங்கித்தான் நிறுத்தினார். அதையும் குடிப்பவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுத்துவிடாதீர்கள். அதன்மேல் மது குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.