துருப்புச்சீட்டு யார் கையில்?

தேர்தல் ஒன்று கிட்ட வந்தால் போதும், நம் செய்தியாளர்களுக்கு ஒரு சொல் தானாக வந்துவிடும்: துருப்புச்சீட்டு. சிறுபான்மை வாக்குகள் துருப்புச்சீட்டு. கிழக்கு துருப்புச்சீட்டு. திருகோணமலைத் துறைமுகம் யாரோ ஒரு வல்லரசின் துருப்புச்சீட்டு. தேர்தல் இல்லாத நாளில் விளையாட்டுப் பக்கத்துக்குப் போய், நேற்று அணிக்குள் வந்த சுழற்பந்து வீச்சாளர் துருப்புச்சீட்டு. 2025 ஏப்ரலில் ட்ரம்ப் (ஆங்கிலத்தில் துருப்புக்கும் அதே பெயர்தானே) எங்கள் இலங்கையின் ஏற்றுமதிக்கு 44 வீத வரி என்று அறிவித்தபோது, தலைப்புப் போடுகிறவர்களின் கை எப்படித் துருதுருத்திருக்கும் என்று யோசித்தேன்.

சொல்லில் எனக்குக் கோபமில்லை. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் 'வெற்றி' என்று பெயர் வைத்த சீட்டிலிருந்து கிளம்பி இவ்வளவு தூரம் வந்த சொல். ஆனால் எழுதுகிறவர்கள் 304 என்கிற சீட்டாட்டம் விளையாடியிருக்கிறார்களா என்பதுதான் என் சந்தேகம்.

மட்டக்களப்புப் பக்கம் செத்த வீடுகளில் இரவு முழித்திருக்கக் காட்ஸ் கட்டு ஒன்று வந்துவிடும். பாயில் நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு சோடி. சுற்றி நின்று புத்தி சொல்ல எட்டுப் பேர். 32 சீட்டில் முதலில் ஆளுக்கு நாலுதான். அந்த நாலைப் பார்த்தே 160, 170 புள்ளி எடுப்பேன் என்று கேட்கவேண்டும். கூடக் கேட்டவர் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். அதன் இனம்தான் அந்த ஆட்டத்துக்குத் துரும்பு (பாயில் துரும்பு, பேப்பரில் துருப்பு). மறுகாத்தான் மற்ற நாலு சீட்டும் கைக்கு வரும். இங்கேதான் விசயம் இருக்கிறது. அவர் கவிழ்த்த அதே இனத்து ஜேக் எதிராளியின் கையில் போய் விழலாம். ஜேக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ராஜாவுக்கு வெறும் 3. துரும்பு சொன்னவரே தோற்று எழும்புவது ஒன்றும் அதிசயமில்லை.

பேப்பரில் வருகிற துருப்புச்சீட்டு அப்படியில்லை. எப்போதும் வெல்லும். எல்லாருக்கும் தெரியும்படி விரித்தும் கிடக்கும்.

அதையும் விட்டுவிடலாம். என்னைக் குடைவது வேறு. 2012 கிழக்கு மாகாண சபைத் தேர்தலை எடுங்கள். மொத்தம் 37 ஆசனம். ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 14, தமிழரசுக் கட்சிக்கு 11, முஸ்லிம் காங்கிரசுக்கு 7, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 4, தேசிய சுதந்திர முன்னணிக்கு 1. ஆட்சிக்கு 19 வேண்டும். இப்படி ஒரு கணக்கைக் கண்டால் பேனா 'துருப்புச்சீட்டு', 'கிங் மேக்கர்' என்றுதான் ஓடும். முஸ்லிம் காங்கிரசின் அந்த ஏழு பேரும் சீட்டா? கையில் சீட்டோடு குந்தியிருந்த ஆட்களல்லவா! 2012இல் ஒரு பக்கம் போனார்கள், 2015இல் மறுபக்கம் போய் முதலமைச்சர் பதவியையே எடுத்தார்கள். சரியோ பிழையோ, ஆடினது அவர்கள். வாக்குப் போட்ட சனம்தான் இரண்டு தடவையும் கேட்பாரில்லாமல் இருந்தது. அதைப் பற்றி எழுத இந்த உவமையில் இடமே இல்லை.

எங்கள் பக்கத்து மாமா ஒருவர், 304இல் புலி, பேப்பரை மடித்துக்கொண்டே சொன்னார்: "நம்மளத் துரும்பு எண்டு போட்டிருக்கான். ஆரு கேட்டது எண்டு போடல்லியே மனே."

2025 பெப்ரவரி 28 வெள்ளை மாளிகையில் ட்ரம்ப் செலென்ஸ்கியிடம், உங்கள் கையில் சீட்டு இல்லை என்றார். நான் சீட்டு விளையாட வரவில்லை என்று அவர் திருப்பிச் சொன்னார். சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு கதை. அந்தப் பதில் எனக்குப் பிடித்தது.

2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் நாடே ஒரு பக்கம் சாய்ந்தபோது, 22 மாவட்டங்களில் மட்டக்களப்பு மட்டும் வேறு கட்சியை முதலில் வைத்தது. ஐந்து ஆசனத்தில் மூன்று தமிழரசுக் கட்சிக்கு. நல்லதா கெட்டதா என்று கீழே வந்து அடிபடுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் அது யாரோ இறக்கிய சீட்டு இல்லை.

கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்தது. அடுத்த தேர்தலை எப்போது வைத்தாலும் அந்தத் தலைப்பு வரத்தான் போகிறது. வரட்டும். யார் கேட்டது, எத்தனைக்குக் கேட்டது, வென்றால் வாகரைக்கும் திருக்கோவிலுக்கும் என்ன கிடைக்கும் என்று முதல் பந்தியிலேயே எழுதினால் நானும் காசு கொடுத்து வாங்கி வாசிப்பேன்.