இருக்கை இல்லாதவர்கள் வளர்த்த துறை: மோர்மன் வரலாற்று ஆய்வு குறித்து

அமெரிக்காவில் தோன்றிய கிறிஸ்தவச் சபையான மோர்மன் சபையின் வரலாற்றை ஆராய்வதற்கென்றே அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இன்று தனி இருக்கைகள், அதாவது நன்கொடை நிதியில் நடக்கும் பேராசிரியர் பதவிகள், இருக்கின்றன. யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் லெனர்ட் ஆரிங்டன் பெயரிலும், கலிபோர்னியாவின் கிளேர்மாண்டில் ஹோவர்ட் ஹன்டர் பெயரிலும், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் புஷ்மன் பெயரிலும், யூட்டா பல்கலைக்கழகத்தில் சிம்மன்ஸ் பெயரிலும் கடந்த இருபது ஆண்டுகளை ஒட்டி இவை அமைந்தன. நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் அல்லன். அமெரிக்கச் சமய வரலாற்றை விரும்பி வாசிப்பவன். ஒரு சிறுபான்மைச் சமயத்தின் வரலாறு பல்கலைக்கழக மரியாதையைப் பெற்றதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டு. ஆனாலும், இந்தத் துறைக்கு வரும் நன்கொடை இனியும் இருக்கைகளை நோக்கியே போகக் கூடாது என்பதும், இருக்கை இல்லாத ஆய்வாளர்களுக்கு அதில் பெரும்பங்கு சேர வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. ஏனெனில் இந்தத் துறையை வளர்த்தெடுத்தவர்களே பெரும்பாலும் அப்படிப்பட்டவர்கள்தாம்.

1830-இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபை ஒஹாயோ, மிசௌரி, இலினாய் என்று இடம்பெயர்ந்தது. 1844-இல் கார்த்தேஜ் சிறையில் அவர் கும்பலால் கொல்லப்பட்ட பின், 1847-இல் பிரிகாம் யங் தலைமையில் பெரும்பிரிவினர் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார்கள். சபையில் பதிவேடு ஒன்று எழுதி வைக்கப்பட வேண்டும் என்பது தொடக்க நாளிலேயே அவர்களுக்கு வேதக் கட்டளையாக வந்தது. அதனால் நாட்குறிப்பு, கடிதம், கூட்டக் குறிப்பு என்று எழுதிக் குவித்தார்கள்; பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு சாதாரண விவசாயியின் மனைவி என்ன நினைத்தாள் என்பதை அவள் கையெழுத்திலேயே படிக்கும் வாய்ப்பு இங்கே கிடைக்கிறது. ஆவணம் இவ்வளவு இருந்தும், அதை யார் பார்க்கலாம் என்பதுதான் நெடுங்காலம் சர்ச்சையாக இருந்தது.

ஜுவானிடா புரூக்ஸ் என்ற பெண்மணியை எண்ணிப் பாருங்கள். தெற்கு யூட்டாவின் செயின்ட் ஜார்ஜ் என்ற சிற்றூரில் ஆசிரியராக இருந்தவர். பெரிய குடும்பத்தின் தாய். சபையை விட்டு விலகாத விசுவாசி. 1857 செப்டம்பர் 11 அன்று மௌண்டன் மெடோஸ் என்ற இடத்தில், ஆர்கன்சாவிலிருந்து மேற்கே சென்றுகொண்டிருந்த வண்டிக் கூட்டத்தைச் சேர்ந்த சுமார் 120 பேரை உள்ளூர் மோர்மன் படையினரும் அவர்கள் சேர்த்துக்கொண்ட பையூட் பழங்குடியினர் சிலரும் கொன்றதைப் பற்றி அவர் ஆராய்ந்தார். எழுதுவதற்கென்று அவருக்குத் தனி அறை இல்லை. தட்டச்சுப் பொறிக்குப் பக்கத்தில் இஸ்திரி போட வேண்டிய துணிகளை வைத்துக்கொள்வார்; அக்கம்பக்கத்தார் வந்தால் பொறியை மூடிவிட்டுத் துணி தேய்க்கத் தொடங்கிவிடுவார். அந்தப் படுகொலை பற்றிய சில வாக்குமூலங்கள் சபைத் தலைமையகத்தில் இருந்தன; கேட்டும் அவருக்கு அவற்றைக் காட்டவில்லை. அப்படியும் 1950-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வழியாக அவருடைய நூல் வெளிவந்தது. சொந்த ஊரில் பலர் அவரை ஒதுக்கினார்கள். 2008-இல் அதே நிகழ்வைப் பற்றிச் சபையின் வரலாற்றாசிரியர்களே, எல்லா ஆவணங்களையும் பார்க்கும் உரிமையோடு, ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாக ஒரு நூல் எழுதினார்கள். அவர்கள் நடந்த பாதையை ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் திறந்தவர், ஆய்வுப் பதவி எதுவும் இல்லாத அந்தப் பெண்மணிதான்.

தனித்தனியாக உழைத்த இத்தகையவர்களை ஒன்றுசேர்த்த பெருமை லெனர்ட் ஆரிங்டனுக்கு உரியது. பொருளியல் பேராசிரியரான அவர் தலைமையில் 1965 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் மோர்மன் வரலாற்றுச் சங்கம் உருவானது. அதன் ஆய்விதழ் 1974-இல் தொடங்கியது. பேராசிரியர், பள்ளி ஆசிரியர், வழக்கறிஞர், இல்லத்தரசி என எவரும் அதில் உறுப்பினராகலாம், கட்டுரை வாசிக்கலாம். ஆண்டுக் கூட்டம் ஒவ்வொரு முறையும் வேறு ஊரில் நடக்கும். பழைய குடியிருப்புகளையும் கல்லறைகளையும் எல்லோரும் ஒன்றாகப் பேருந்தில் போய்ப் பார்ப்பார்கள். மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்த ஜான் ஷிப்ஸ் என்ற அம்மையாரைத் தலைவராகவும் அந்தச் சங்கம் ஏற்றது. மிசௌரியைத் தலைமையிடமாகக் கொண்ட மற்றொரு கிளையான கிறிஸ்துவின் சமூகத்தின் ஆய்வாளர்கள், 1972-இல் தங்களுக்கென்று ஜான் விட்மர் வரலாற்றுச் சங்கத்தை அமைத்த பிறகும் இதில் கலந்துகொண்டே வருகிறார்கள். விசுவாசியும் விலகியவரும் வெளியாரும் ஒரே அரங்கில் அமர்ந்து அடிக்குறிப்பைப் பற்றி வாதிடுகிற இந்தப் பழக்கம் எளிதில் வாய்ப்பதன்று.

1972-இல் சபையே ஆரிங்டனைத் தன் அதிகாரபூர்வ வரலாற்றாசிரியராக அமர்த்தியது. ஆவணங்கள் திறந்தன, இளம் ஆய்வாளர்கள் திரண்டார்கள். பிறகு மூத்த தலைவர்கள் சிலருக்கு அந்தத் திறந்த மனம் பிடிக்கவில்லை. 1982-க்குள் அவர் நடத்திய வரலாற்றுப் பிரிவே சபைக்குச் சொந்தமான பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டது. 1993 செப்டம்பரில் ஆறு அறிவாளர்கள்மீது சபை நடவடிக்கை எடுத்தது. அவர்களில் ஒருவரான மைக்கேல் குவின், யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்; 1988-இல் பிரிகாம் யங் பல்கலைக்கழகப் பதவியிலிருந்து விலகிய பிறகு 2021-இல் இறக்கும்வரை அவருக்கு நிரந்தரப் பணி வேறெங்கும் அமையவில்லை. அவர்களில் மற்றொருவரான லவினா ஃபீல்டிங் ஆண்டர்சன் சபைநீக்கம் செய்யப்பட்ட பின்னும் ஞாயிறுதோறும் அதே வழிபாட்டுக் கூட்டத்துக்குச் சென்றார். பதிப்பாசிரியர் தொழிலால் பிழைத்துக்கொண்டே மோர்மன் வரலாற்றுச் சங்கத்தின் இதழைப் பல ஆண்டுகள் செம்மைப்படுத்தினார். அவர் திருத்திய பக்கங்களில் எத்தனை இளம் ஆய்வாளர்களின் முதல் கட்டுரைகள் இருந்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு அவர்மீது பெரும் மதிப்பு உண்டாகிறது.

இன்றைய நிலை அதைவிட மிகவும் மேல் என்பதை மறுக்க முடியாது. 2009-இல் சால்ட் லேக் நகரில் திறக்கப்பட்ட சபை வரலாற்று நூலகத்தில் எவரும் கட்டணமின்றி வாசிக்கலாம். ஜோசப் ஸ்மித்தின் ஆவணங்கள் 2008 முதல் 2023 வரை 27 தொகுதிகளாக வெளிவந்தன. 1844-இல் ஜோசப் ஸ்மித் அமைத்த, நெடுங்காலம் பூட்டி வைக்கப்பட்டிருந்த ஐம்பதின்மர் மன்றம் என்ற ஆலோசனைக் குழுவின் கூட்டக் குறிப்புகளும் 2016-இல் அந்த வரிசையில் அச்சேறின. ஜார்ஜ் வாட் என்பவர் பிட்மன் சுருக்கெழுத்தில் எடுத்த குறிப்புகளை லஜீன் கரூத் என்ற அம்மையார் எழுத்துக்கு எழுத்தாகப் படித்து விரித்தார். அதன் பயனாக, 1852-இல் யூட்டா பிரதேசச் சட்டமன்றத்தில் பிரிகாம் யங் கறுப்பினத்தவருக்கு எதிராகப் பேசியதோடு, சபையின் மூத்த தலைவர்களில் ஒருவரான ஆர்சன் பிராட் அடிமை முறையைக் கண்டித்து எழுப்பிய குரலும் நமக்குக் கேட்கிறது. கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் மறுத்து 1978 வரை நீடித்த தடையைப் பற்றி இனி எழுதுகிறவர், அக்காலத்தில் எல்லோருமே அப்படித்தான் நினைத்தார்கள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

ஆனால் இந்த வளத்தைப் பயன்படுத்த வரும் இளைஞருக்கு வேலை எங்கே? அமெரிக்காவில் வரலாற்றுப் பேராசிரியர் பணியிடங்களே சுருங்கி வருகின்றன. மோர்மன் ஆய்வுக்கான இருக்கைகளோ விரல்விட்டு எண்ணக் கூடியவை. பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் பணிகள் உண்டு. ஆனால் 2022 முதல் அங்கே புதிதாகச் சேரும் சபையினர், சபையின் புனித ஆலயத்துக்குள் (ஞாயிறு வழிபாட்டு இடம் வேறு) செல்வதற்கான தகுதிச் சான்றைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டும். உள்ளூர்ச் சபைத் தலைவர் தரும் சான்றை நம்பிப் பிழைக்கும் ஒருவர், கசப்பான ஓர் ஆவணத்தைக் கையில் எடுக்குமுன் இருமுறை யோசிப்பார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். புதிதாக ஓர் இருக்கை நிறுவத் திரட்டும் பெருந்தொகையின் வட்டி ஒரே ஒரு பேராசிரியரைத் தாங்கும். அதே வட்டியில் ஆண்டுதோறும் பலருக்கு ஆவணக் காப்பகப் பயணச் செலவைத் தரலாம். பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ரெட் மையம் பணியிடம் இல்லாதவர்களுக்கும் சிறு நிதி வழங்குகிறது. யூட்டா பல்கலைக்கழகத்தின் டானர் மையம் முனைவர் பட்ட மாணவருக்கு மோர்மன் ஆய்வு நல்கை தருகிறது. இத்தகைய நல்கைகள் பெருக வேண்டும் என்றே கேட்கிறேன்.

அமெரிக்காவுக்கு வெளியே இந்தத் தேவை இன்னும் கூடுதல். சபையின் ஒரு கோடியே எழுபது லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களில் பாதிக்கு மேல் அமெரிக்காவுக்கு வெளியே வாழ்கிறார்கள். நைஜீரியாவிலும் கானாவிலும் 1978-க்கு முன், மிஷனரி எவரும் வராமலே, நூல்களைப் படித்துத் தாங்களாகவே கூடி வழிபட்ட குழுக்கள் இருந்தன. அந்தத் தலைமுறை மறைவதற்குள் அவர்கள் தாய்மொழியில் பேசியதைப் பதிவுசெய்ய, அந்தந்த ஊர் ஆய்வாளர்களுக்குச் சம்பளம் தர வேண்டும். சால்ட் லேக் நகரிலிருந்து ஒருவர் இரண்டு வாரம் வந்து திரும்பினால் அது நடக்காது.

நமக்கும் இதில் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. 1853-இல் ரிச்சர்ட் பாலன்டைன் என்ற மிஷனரி சென்னைப் பட்டணத்துக்கு வந்து, மறு ஆண்டுவரை தங்கி, இங்கேயே ஒரு மாத இதழும் அச்சிட்டார். அவருடைய நாட்குறிப்பு சால்ட் லேக் நகரில் இருக்கிறது. அவரை எதிர்கொண்ட பட்டணத்தைப் பற்றி அறிய, எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் அக்கால அரசுக் கோப்புகளையும் பட்டணத்து ஆங்கில, தமிழ்க் கிறிஸ்தவ இதழ்களையும் புரட்ட வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க, தமிழும் ஆங்கிலமும் தெரிந்த ஒரு முதுகலை மாணவருக்கு ஓர் ஆண்டு உதவித்தொகையும் ஒரு விமானச் சீட்டும் போதும். அந்தத் தொகையைத் தரக்கூடிய அறக்கட்டளைகள் அமெரிக்காவில் இருக்கின்றன. கேட்டு எழுத நம் வரலாற்றுத் துறைகள்தாம் முன்வர வேண்டும்.