எதைக் குறைத்தார்கள் என்று பாருங்கள்

விலை மலிவான ஒரு சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் இசைக்கருவி) எதிர்பார்த்ததைவிட நன்றாக அமைந்துவிட்டால், அதை ஏதோ அதிர்ஷ்டம் மாதிரிப் பேசுகிறோம். "இந்த விலைக்கு இவ்வளவா!" என்று ஆச்சரியப்பட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விலையைக் குறைக்க நினைக்கும் தயாரிப்பாளர் எங்கேயாவது கை வைத்தாக வேண்டும். பெட்டியில் வைக்கலாம், கீகளில் வைக்கலாம், திரையில், குமிழ்களில் வைக்கலாம். இல்லையென்றால் ஒலியை உண்டாக்கும் இன்ஜினிலேயே வைக்கலாம். வெளியே எல்லாவற்றையும் குறைத்துவிட்டு இன்ஜினை மட்டும் தொடாமல் விட்ட கருவிகள்தான் முப்பது, நாற்பது வருடம் கழித்தும் நம்மைத் திரும்பிப் பார்க்க வைக்கின்றன. நான் வாசித்த வரை இது பெரும்பாலும் சரியாகவே வந்திருக்கிறது.

இதற்கு நான் முதலில் காட்டுவது கேசியோ சி.இசட்.101. 1984 கடைசியில் வந்தது. அமெரிக்காவில் விலை 499 டாலர். அதற்கு முந்தைய வருடம் வந்து உலகத்தையே பிடித்துக்கொண்ட யமஹா டி.எக்ஸ்.7 கிட்டத்தட்ட 2000 டாலர். கேசியோ என்றால் அன்றைக்கு கால்குலேட்டர், கைக்கடிகாரம், பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கித் தரும் கீபோர்டு. அவர்கள் ஒரு சிந்தசைசர் கொண்டுவருகிறார்கள், அதுவும் 49 மினி கீகளோடு, டார்ச் லைட்டுக்குப் போடும் பெரிய பேட்டரி ஆறு போட்டால் ஓடும்படி, தோளில் மாட்டிக்கொள்ள வார் கொக்கி வைத்து. அதைக் கடையில் பார்த்த எந்தக் கீபோர்டு வாசிப்பாளரும் பொம்மை என்றுதான் நினைத்திருப்பார்.

அதன் உள்ளே இருப்பதைப் பார்ப்போம். டி.எக்ஸ்.7இல் இருந்த எஃப்.எம். முறை (ஒரு அலையால் இன்னொரு அலையை அசைத்து ஒலி செய்வது, ரேடியோ எஃப்.எம். அல்ல) ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டுபிடித்தது. அதற்கான உரிமை யமஹாவிடம் இருந்தது, அதனால் கேசியோ வேறு வழி தேட வேண்டியிருந்தது. அவர்கள் பிடித்த வழிக்கு ஃபேஸ் டிஸ்டார்ஷன் என்று பெயர். கருவியின் நினைவகத்தில் ஒரு சாதாரண வளைவான அலை எண்களாக இருக்கிறது. அதை ஒரே சீரான வேகத்தில் படித்தால் புல்லாங்குழல் மாதிரி மொழுமொழுவென்ற ஒலி வரும். கேசியோ அதைச் சீரில்லாத வேகத்தில் படிக்கிறது. கோயில் பிரகாரத்தை ஒரு சுற்று சுற்ற ஆகும் மொத்த நேரம் மாறக் கூடாது, ஆனால் ஒரு பக்கம் ஓடி, மறுபக்கம் மெதுவாக நடந்து முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே மாதிரி. சுற்று முடியும் நேரம் மாறாததால் சுருதி மாறாது. நடுவில் வேகம் மாறுவதால் அலையின் வடிவம் கோணலாகி, ரம்பப்பல் வடிவத்துக்குப் போய், ஒலி கூர்மையாகிறது. எவ்வளவு கோணல் என்பதை நேரத்தோடு மாற்றிக்கொண்டே போனால் எண்களால் அல்லாமல் மின்சுற்றாலேயே ஒலி செய்யும் அனலாக் சிந்தசைசரில், ஒலியின் கூர்மையை வடிகட்டும் ஃபில்டரைத் திறந்து மூடுவது போலவே காதில் விழும். உள்ளே ஃபில்டரே கிடையாது. இந்த ஏற்பாட்டின் அழகை எத்தனை தடவை யோசித்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

ரெசனன்ஸ் என்று மூன்று அலை வடிவங்களையும் கூடவே வைத்தார்கள். ஃபில்டரை முனகவிட்டு மேலே ஏற்றும்போது ஒரு உயிரெழுத்து மாதிரி "வாஆவ்" என்று வரும் அல்லவா, அதையும் கணக்கிலேயே செய்துவிட்டார்கள். அசல் அனலாக் மாதிரி வராது. கொஞ்சம் கண்ணாடித்தனம் இருக்கும். எனக்கு அந்தக் கண்ணாடித்தனம்தான் பிடிக்கும்.

அப்புறம் என்வலப். ஒரு ஸ்வரம் எப்படிப் பிறந்து, நின்று, அடங்க வேண்டும் என்று சொல்வது அது. அன்றைய சிந்தசைசர்களில் பெரும்பாலும் நான்கே கட்டம்தான். சி.இசட்.101இல் எட்டு. அதுவும் சுருதிக்கு ஒன்று, ஒலியின் நிறத்துக்கு ஒன்று, சத்தத்துக்கு ஒன்று. ஒலி செய்ய லைன் என்ற இரண்டு பாதைகள் உண்டு, இரண்டுக்கும் சேர்த்தால் மொத்தம் ஆறு. 499 டாலர் பெட்டியில்! கேசியோவின் இன்ஜினீயர்கள் இன்ஜினில் காசை மிச்சம் பிடிக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். இதே இன்ஜினைப் பெரிய கீகளோடு சி.இசட்.1000 என்று தனியாகவும் விற்றார்கள். இரண்டிலும் ஒலி ஒன்றுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டி.எக்ஸ்.7 ஒரு நேரத்தில் ஒரு வாத்தியம்தான் வாசிக்கும். சி.இசட்.101 மிடி (மின்னிசைக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் முறை) வழியாக நான்கு சேனலில் நான்கு வெவ்வேறு ஒலிகளைத் தனித்தனி ஸ்வரமாக வாசித்துவிடும். ஒரு கணினியும், ஸ்வரங்களைப் பதிந்து தானாக வாசிக்க வைக்கும் சீக்குவென்சரும் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து இசையமைக்க நினைத்தவனுக்கு 1985இல் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே பெட்டியிலிருந்து பேஸ், மெலடி, பின்னணி, ஒரு தாள ஒலி.

குறைகள் இல்லாமல் இல்லை. கீயை மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒரே சத்தம்தான். பியானோ வாசிக்க நினைப்பவர்களுக்கு இது ஆகவே ஆகாது. நாமே செய்த ஒலிகளை, அதாவது டோன்களை, சேமிக்க 16 இடம்தான் உள்ளே. எட்டு குரல், அதாவது ஒரே நேரத்தில் எட்டு ஸ்வரம், என்று சொன்னாலும் இரண்டு லைனையும் சேர்த்து வாசித்தால் நான்காகிவிடும். ஆனால் இவற்றில் எதுவும் ஒலியின் தரத்தைத் தொடவில்லை.

நம் இசையை வாசிப்பவர்களுக்கு இந்தக் கருவியில் ஒரு தனி லாபம் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தின் எல்லையை ஒரு முழு ஸ்தாயி வரைக்கும் வைத்துக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம் ஒலிக்கும் சோலோ மோடில் போட்டு, ஸ்வரம் விட்டு ஸ்வரம் வழுக்கும் போர்ட்டமென்டோவைக் கொஞ்சமாக வைத்து, இடது கையைச் சக்கரத்தில் வைத்து வாசித்தால் தோடி காந்தாரத்தை ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஆட்ட முடிகிறது. நான் எல்லையை நான்கு, ஐந்து அரைஸ்வரத்துக்குள்தான் வைப்பேன், அதற்கு மேல் போனால் கைக்குக் கட்டுப்படாது. சுருதிக்கான எட்டுக் கட்ட என்வலப்பில் ஒரு அசைவை எழுதிவைத்து, கீயை அழுத்தினாலே கமகம் வரும்படியும் செய்யலாம். ஆனால் அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எல்லா காந்தாரமும் அச்சு எடுத்த மாதிரி ஒரே ஆட்டம் ஆடும், ராகம் செத்துவிடும். ஸ்வரத்தைக் கீழிருந்து லேசாகத் தொட்டு எடுப்பதற்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, மீதியைக் கையால் செய்ய வேண்டும். மினி கீகள் இங்கே உதவிக்கு வருகின்றன. விரல் குறைந்த தூரமே போவதால் பிருகாக்கள் சுலபமாக விழுகின்றன. பொம்மை என்று சிரிக்க வைத்த அதே கீகள்தான்.

1987இல் யமஹா இதே வேலையைச் செய்தது. டி.எக்ஸ்.81.இசட் (TX81Z). ரேக்கில் மாட்டும் ஒரு ஒல்லிப் பெட்டி, கீயே கிடையாது, இரண்டு வரித் திரை, சில பட்டன்கள். டி.எக்ஸ்.7இல் ஆறு ஆபரேட்டர் (எஃப்.எம்.மில் அலையை உண்டாக்கும் அலகு), இதில் நான்குதான். காகிதத்தில் பார்த்தால் இன்ஜினையே குறைத்துவிட்டார்கள் என்று தோன்றும். ஆனால் டி.எக்ஸ்.7இன் ஆபரேட்டர்கள் எல்லாம் ஒரே சைன் அலைதான், இதிலோ எட்டு அலை வடிவங்களில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதனால் நான்கே ஆபரேட்டரில் கனமான, முரட்டு ஒலிகள் கிடைத்தன. லேட்லி பேஸ் என்ற அதன் ஒரு பேஸ் ஒலி தொண்ணூறுகளின் நடன இசையில் எங்கும் புகுந்துவிட்டது. அதில் சொந்தமாக ஒரு டோன் செய்வது பெரும்பாடு, அது வேறு விஷயம்.

ரோலண்டின் ஆல்ஃபா ஜூனோ வரிசையும் அப்படித்தான். பழைய ஜூனோக்களில் இருந்த ஸ்லைடர்களை எல்லாம் எடுத்துவிட்டு ஒரே ஒரு சக்கரத்தை வைத்தார்கள். அதனால் அன்றைக்கு யாரும் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. உள்ளே இருந்த ஆறு குரல் அனலாக் இன்ஜின் நன்றாகவே இருந்தது. ஒலி வடிவமைப்பாளர் எரிக் பெர்சிங் அதற்காகச் செய்த ஒரு விநோதமான டோன், வாக்யூம் கிளீனர் மாதிரி உறுமுவதால் பிறகு ஹூவர் என்றே பெயர் பெற்று, ரேவ் என்ற நடன விருந்து இசைக்கு அடையாளமானது.

சரி, பழைய கதையாகவே போகிறது. 2010இல் கோர்க் ஒரு உள்ளங்கை அளவுப் பெட்டியை வெளியிட்டது. மோனோட்ரான். ஐந்து குமிழ், கீக்குப் பதிலாக விரலை இழுக்கும் ஒரு ரிப்பன், ரிமோட்டுக்குப் போடும் சின்ன பேட்டரி இரண்டு. அதில் சுருதி சேர்த்து ஒரு பாட்டு வாசிப்பது நடக்காத காரியம். இரைச்சலும் உண்டு. ஆனால் உள்ளே இருக்கும் ஃபில்டர் 1978இல் வந்த எம்.எஸ்.20இன் ஃபில்டர் சர்க்யூட். அந்தப் பழைய கருவியை ஆசைப்பட்டு வாங்க நினைத்தவர்களுக்கு அதன் விலை தெரியும். மோனோட்ரானில் வெளி ஒலியை உள்ளே செலுத்த ஒரு துளையும் இருக்கிறது. ஒரு டிரம் மெஷினையோ, ஒரு வயலின் பிக்கப்பையோ செருகிவிட்டு ஃபில்டர் குமிழைத் திருப்பிப் பாருங்கள். என்னிடம் இருக்கும் கருவிகளில் அளவுக்கு மீறி வேலை செய்வது இதுதான். அதன் சர்க்யூட் வரைபடத்தையும் கோர்க் பொதுவில் வெளியிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும் துணிச்சல் எனக்குப் பெரிய மரியாதையை உண்டாக்கியது. மோனோட்ரானை வடிவமைத்த தத்சுயா தகஹாஷிதான் பிறகு வோல்கா வரிசையையும் மினிலாக்கையும் கொண்டுவந்த குழுவை நடத்தினார்.

வோல்கா எஃப்.எம். 2016இல் வந்தது. டி.எக்ஸ்.7 போலவே ஆறு ஆபரேட்டர், அவற்றை இணைக்க 32 விதம் (அல்காரிதம்). டி.எக்ஸ்.7க்கு உலகம் முழுக்க மக்கள் செய்துவைத்த டோன்களை அப்படியே ஏற்றிக்கொள்ளும். மூன்று குரல்தான். மிடியில் வெளி கீபோர்டு வைத்து வாசித்தால் அழுத்தத்தின் வேறுபாட்டைக் கண்டுகொள்ளாது, அது எனக்கு மிகவும் உறுத்தியது. எஃப்.எம்.மின் உயிரே அழுத்தத்தைப் பொறுத்து நிறம் மாறுவதில் இருக்கிறது. 2022இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதைச் சரிசெய்து, குரலையும் ஆறாக்கினார்கள். இப்போது வாங்க நினைப்பவர்கள் அதையே வாங்குங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 1983இல் கோர்க் கொண்டுவந்த பாலி.800இல் எட்டு குரல் உண்டு, ஆனால் எட்டுக்கும் சேர்த்து ஒரே ஃபில்டர். நீங்கள் ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்களை) பிடித்துக்கொண்டு மேலே ஒரு ஸ்வரம் வாசித்தால் அதற்கென்று தனியாக ஃபில்டர் திறக்காது, பிடித்திருக்கும் கார்டும் சேர்ந்து அசையும். அதைக் காதலிப்பவர்கள் உண்டு, எனக்குத் தெரியும். மெதுவான பின்னணி ஒலிகளுக்கு அது அழகாகவே இருக்கும். ஆனால் எத்தனை வருடம் பழகினாலும் அந்தச் சுவரில் போய் முட்டிக்கொண்டே இருப்பீர்கள், ஏனென்றால் குறைத்தது இன்ஜினில்.

என் கணக்குக்குள் அடங்காத ஒன்றும் உண்டு: ரோலண்ட் டி.பி.303. கிட்டார் வாசிப்பவர்கள் தனியாகப் பயிற்சி செய்யும்போது பேஸ் வாசித்துத் துணை நிற்கட்டும் என்று எண்பதுகளின் தொடக்கத்தில் செய்த பெட்டி. பேஸ் கிட்டார் மாதிரி அது ஒலிக்கவே இல்லை. சுமார் 10,000 செய்து 1984இல் நிறுத்திவிட்டார்கள். பழைய பொருள் கடையில் மலிவாகக் கிடைத்ததை சிகாகோ இளைஞர்கள் எடுத்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே குமிழ்களைத் திருகி, 1987இல் ஆசிட் ஹவுஸ் என்று ஒரு இசை வகையையே உண்டாக்கினார்கள். அவர்களில் முன்னோடியான ஃப்யூச்சர் குழுவைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். பம்பாயில் இந்தித் திரையிசைக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங் அதற்கு ஐந்து வருடம் முன்னால், 1982இலேயே, டி.பி.303, டி.ஆர்.808 என்ற தாளப் பெட்டி, ஜுபிடர்.8 என்ற சிந்தசைசர் மூன்றையும் சேர்த்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஆல்பம் வெளியிட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அதை யாரும் கவனிக்கவில்லை. 2010இல் மறுபடி வெளிவந்தபோது உலகமே வாய்பிளந்தது. 303இல் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் ஸ்லைடு இருக்கிறது. ராகத்தைத் தெரிந்த காதுக்கு அந்த வழுக்கல் அந்நியமாக இருந்திருக்காது என்று நான் நம்புகிறேன். எதைக் குறைத்தார்கள், எதைக் கூட்டினார்கள் என்ற என் கணக்கு எதுவும் இங்கே உதவாது. அது வாசித்தவர்களின் பெருமை.

எண்பதுகளில், தொண்ணூறுகளில் மெல்லிசைக் குழுக்களிலும் தேவாலயங்களிலும் வாசித்த கருவிகள் இன்னும் எத்தனையோ வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. உங்கள் வீட்டிலும் ஒன்று கிடந்தால், கேசியோ என்று எழுதியிருக்கிறதே என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் பேட்டரி அறையைத் திறந்து கசிவு இருக்கிறதா என்று பாருங்கள், பச்சை பூத்திருந்தால் சுத்தம் செய்யும் வரை மின்சாரம் கொடுக்க வேண்டாம். அடாப்டர் வாங்கும்போது எந்தப் பக்கம் பிளஸ், எந்தப் பக்கம் மைனஸ் என்று கருவியின் பின்னால் பார்த்து வாங்குங்கள், கடைக்காரர் சொன்னதை வைத்து வாங்காதீர்கள். சி.இசட்.101ஆக இருந்தால் பேட்டரியைக் கழற்றியதும் உள்ளே சேமித்த டோன்கள் போய்விடும், ஆகவே வேலை செய்யும் நிலையில் இருந்தால் முதலில் அடாப்டரில் போட்டு, மிடி வழியாக அவற்றைக் கணினியில் எடுத்து வைத்துவிட்டுப் பேட்டரியை மாற்றுங்கள். யாரோ ஒருவர் கல்யாண மேடைக்காக நாள் கணக்கில் உட்கார்ந்து செய்த நாதஸ்வர டோன் அதில் இருக்கலாம். கிடைத்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.