டயல் ஒலிக்குத் தனி சிப் தேவையில்லை
மண்டபம் பக்கத் தோப்பு மோட்டார்களைப் போன் வழியாக இயக்குவது பற்றிய பேச்சில், அர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையால் ஒரே நேரத்தில் இரண்டு அதிர்வெண் தர முடியாது, போனில் எண்ணை அழுத்தும்போது எழும் இரட்டை அதிர்வெண் டயல் ஒலிக்குத் தனி சிப் வேண்டும் என்ற தகவல் பரவுகிறது. அப்படி இல்லை நண்பர்களே. அந்த வரம்பு, ஒலி எழுப்பும் 'டோன்' கட்டளைக்கு மட்டும்தான்.

சைன் அலையின் மதிப்புகளை வரிசையாக வைத்த அட்டவணையிலிருந்து, அதிர்வெண்ணுக்கு ஒன்றாக இரண்டு மதிப்புகளைக் கூட்டி, துடிப்பு வேகத்தைக் கூட்டிவைத்த ஒரே பி.டபிள்யு.எம். பின்னில் (துடிப்பின் அகலத்தை மாற்றி மின்னழுத்தம் தரும் முனை) அனுப்பினால் போதும். எண் 5-க்கு 770, 1336 ஹெர்ட்ஸ். பலர் சறுக்குவது கூட்டலில்தான்: தொகை 255-ஐத் தாண்டினால் 8 பிட் எண் மறுபடி 0-விலிருந்து தொடங்கிவிடும், ஒலி கரகரக்கும், எதிர்முனை எண்ணைப் பிடிக்காது. ஒவ்வோர் அலையும் 127-க்குள் இருக்கட்டும். பின்னுக்கு அடுத்து 1 கிலோ ஓம் மின்தடை, 47 நானோஃபாரட் மின்தேக்கி கொண்ட வடிகட்டி போடுங்கள்.

சரிபார்க்க, ஸ்பீக்கரில் வரும் ஒலியைப் பதிவுசெய்து ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஸ்பெக்ட்ரம் (அதிர்வெண் வரைபடம்) பாருங்கள். 770, 1336 இரண்டிலும் முகடு தெரியும்.